நாலும் ஆறும் இல்லாத பெட்டி

மலையிலிருந்து வந்த கீபோர்டின் உறையைத் திறந்ததும் வீடு முழுக்க ஏலக்காய் வாசம் பரவியது. சூர்யகலா அக்காவுக்கு அது தெரிந்திருக்காது. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையின் பின்கட்டில் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து காய் பொறுக்குகிறவர் அவர். பச்சைக் காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். அவர் சேலையிலும் தலைமுடியிலும் எப்போதும் அந்த வாசம் இருக்கும்.

உறையைத் திறந்தவர் அவருடைய கணவர் சீனிச்சாமி. பூப்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஸ்டோர்காரர். பறித்த காயைக் கழுவித் தட்டுகளில் பரப்பி, கீழே விறகு எரித்து, அந்தச் சூட்டில் காய வைக்கிற கட்டடத்துக்குத்தான் அங்கே ஸ்டோர் என்று பெயர். தீ அணையாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஜீப்பில் கீழே வருவார்.

"தண்ணி உள்ள எறங்கிருச்சு, கலா. கவுத்தா சொட்டுது. வெளிய மழ விடவே இல்ல. சூப்பர்வைசர் சேட்டன்கிட்டக் கேட்டேன். 'ஸ்டோர்ல வெச்சோ, உணங்கட்டே'ன்னாரு, காயட்டும்னு. காய்த் தட்டுல வச்சு எடுத்தேன். இப்பத் தொட்டுப் பாரு, மொறுமொறுன்னு இருக்கு."

"கீபோர்டு மொறுமொறுன்னு இருக்கலாமாங்க?" என்று அக்கா கேட்டார்.

சீனிச்சாமி அண்ணனுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. மழைக்காலத்தில் மலையில் எது நனைந்தாலும் ஸ்டோருக்குத்தான் போகும். பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, செருப்பு, கம்பளி, தண்ணீரில் விழுந்த செல்போன் எல்லாம் ஏலக்காயோடு காய்ந்து வெளியே வரும். செல்போன்கூடப் பிழைத்ததுண்டு என்பார்கள். மனைவி வாசிக்கிற பெட்டியை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பார்?

அது அக்காவின் பெட்டியும் இல்லை. அழகுராஜா என்பவர் மைக்செட் கடை வைத்து, அதோடு ஓர் இன்னிசைக் குழுவும் நடத்துகிறார். அவருடையது. ஆடி மாதத்தில் அந்த எஸ்டேட் அம்மன் கோயில் விழாவுக்குக் குழு போயிருந்தபோது பந்தல் கிழிந்து மழை நேராகக் கீபோர்டின் மேல் கொட்டிவிட்டது. திரும்பி வந்த ஜீப்பில் மேல்மூடி சரியில்லை. வழியெல்லாம் நனைய வேண்டாம் என்று பெட்டியை சீனிச்சாமி அண்ணனிடம் விட்டுவிட்டு வந்தார்கள்.

அக்காவுக்குக் கீபோர்டை யாரும் சொல்லித் தரவில்லை. குரங்கணியில் பிறந்து, கல்யாணமாகிப் போடிக்கு வந்தவர். குழுவில் முதலில் கோரஸ் பாடத்தான் சேர்ந்தார். வாசித்துக்கொண்டிருந்தவர் திருப்பூருக்கு வேலைக்குப் போனதும், "பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க, ஒக்காருங்கக்கா" என்று அழகுராஜா நாற்காலியை இழுத்துப் போட்டாராம். உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. பகலில் காய், விசேஷ நாட்களில் மாலையில் கீபோர்டு என்று இத்தனை வருடங்கள் போயிருக்கின்றன. ஏன் இதை விடவில்லை என்று ஒரு தடவை கேட்டேன். "காய்க் கடையில நான் இல்லேன்னா இன்னொருத்தி ஒக்காருவா. இங்க என்னையத் தேடுவாக" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்று ஞாயிறு. அக்கா பெட்டியைத் துணியால் துடைத்து, வயரைச் செருகினார். வலது ஓரத்தில் கடைசி வெள்ளைக் கட்டை மட்டும் எழும்பாமல் உள்ளே அமுங்கியே கிடந்தது. "அம்புட்டுத் தூரம் யாரு போயி வாசிக்கப் போறா" என்று சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டார். திரையில் வெளிச்சம் வந்தது. சீனிச்சாமி அண்ணன் சிரித்தார்.

அக்கா மெமரி பட்டன்களை வரிசையாக அழுத்தினார். ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டுக்கான அமைப்பைச் சேர்த்து வைத்திருந்தார். எந்த வாத்தியம், எந்தத் தாளம், எவ்வளவு வேகம், எத்தனை கட்டை என்பதெல்லாம் அதில் இருக்கும். எதை அழுத்தினாலும் இப்போது ஒரே பியானோ சத்தம்தான் வந்தது. அதுவும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மெல்லமாக.

அடுத்த வீடு என்பதால் என்னைக் கூப்பிட்டார். "வித்யா, இதோட இங்கிலீசு புஸ்தகம் போன்ல இருக்குன்னு சொன்னேல்ல. கொஞ்சம் படிச்சுச் சொல்றியா? என்னமோ எல்லாமே போயிருச்சு."

கையேட்டின் கடைசிப் பக்கங்களில் அது இருந்தது. வலது ஓரத்துக் கடைசி வெள்ளைக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டால், சேமித்த எல்லாம் அழிந்து பெட்டி புதிதாக வந்த நிலைக்குத் திரும்பிவிடும். நான் தமிழில் சொன்னேன்.

"யாரும் அழுத்தலயே" என்றார் அக்கா. பிறகு அந்தக் கட்டையைப் பார்த்தார். அது இன்னும் அமுங்கியே இருந்தது.

"என்னாச்சு?" என்று அண்ணன் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. நீங்க சாப்புடுங்க. ஜீப்புக்கு நேரமாகலயா?"

அவர் சாப்பிட்டுவிட்டு மலைக்குப் போனார். அக்கா கரண்டிக் காம்பால் கட்டையை நெம்பி எழுப்பினார். பிறகு ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தார். நடுவில் இரண்டு பேசவில்லை. மேலே ஒன்று பேசவில்லை.

எங்கள் பக்கத்துப் பாட்டுக்காரர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். வெள்ளைக் கட்டைகள் ஒன்று முதல் ஏழு வரை. நடுவில் வரும் கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை என்று அரைக் கணக்கு. செத்துப்போனவை நடு வரிசையில் நாலும் ஆறும், மேல் வரிசையில் ஆறும். அக்காவின் வலது கை எப்போதும் ஓடுகிற இடம் அதுதான்.

மறுநாள் கடையிலிருந்து வந்ததும் அழகுராஜாவின் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே மெக்கானிக் காமராஜ் அடிப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எந்த மகராசன் இத அவிச்சது?" என்றார்.

அக்கா பெட்டியின் உறையை மடித்து வைத்தார்.

"ஈரத்தோடயே குடுத்திருந்தா தொடச்சுக் குடுத்திருப்பேன். கட்டைக்கு அடியில இருக்குற ரப்பரு சூட்டுல ஒட்டிக்கிச்சு. ரப்பர்ப் பட்டைய மாத்தணும். ஆர்டர் போட்டாத்தான் வரும். அடுத்த கச்சேரிக்கு முன்னாடியெல்லாம் வராது."

அடுத்த கச்சேரி அந்த வெள்ளிக்கிழமை, ராசிங்காபுரத்து முளைப்பாரி. அழகுராஜா ஒரு பெருமூச்சு விட்டார்.

"யக்கா, ஒங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா கமிட்டிக்காரங்க முன்னாடி பாதியில நின்னா எம் பொழப்பு நாறிரும். தேனியில ஒரு பையன் லேப்டாப்ல ட்ராக்கு வச்சிருக்கான். எல்லாப் பாட்டும் ரெடியா இருக்கு, அமுக்குனா ஓடும். வெள்ளிக்கெழம இது சரியா வாசிச்சா நீங்க. இல்லேன்னா அவன வரச்சொல்லிர்றேன். அவன் ஒருக்க வந்துட்டான்னா, பெறகு..." என்று இழுத்தார்.

பிறகு என்ன என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ட்ராக் வந்த குழுக்களில் கீபோர்டுக்கு நாற்காலியே போடுவதில்லை.

"வாசிப்பேன்" என்றார் அக்கா.

திரும்பும்போது பெட்டியைத் தோளில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே வந்தார். நான் கேட்டும் தரவில்லை. வீட்டு வாசலில் இறக்கி வைத்தபோது, "சொல்லிட்டேன் பாரு. எப்பிடி வாசிக்கப் போறேன்னு தெரியல" என்றார்.

அந்த வாரம் தினமும் இருட்டுகிற நேரத்தில் அக்கா வேலை முடிந்து வருவார். கழுத்தின் பின்பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டே அடுப்பைப் பற்ற வைப்பார். உலை கொதிப்பதற்குள் பெட்டிமுன் உட்கார்ந்துவிடுவார். நான் போனை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன்.

முதலில் சத்தப் பிரச்சினை. எவ்வளவு கூட்டினாலும் வலது கை மெல்லமாகவே கேட்டது. பெட்டி அதிலும் கெட்டுவிட்டது என்று அக்கா நினைத்தார். கையேட்டில் 'டச்' என்று ஓர் அமைப்பு இருந்தது. அதை ஆன் செய்து வைத்தால், விரல் ஓங்கி விழுந்தால் சத்தம் பெரிது, மெதுவாக விழுந்தால் சிறிது. புதிதாக வரும் பெட்டியில் அது ஆன் செய்தே இருக்குமாம்.

"ஆமா, அத ஆஃப் பண்ணித்தான வச்சிருந்தேன்" என்று நெற்றியில் தட்டிக்கொண்டார். "பொழுதன்னிக்கும் காய் பொறுக்கிட்டு வந்து கட்டைய ஓங்கி அடிக்க யாருக்குத் தெம்பு இருக்கு? எப்பிடித் தொட்டாலும் ஒரே சத்தம் வர்ற மாதிரி வச்சிருந்தேன். எனக்கே மறந்துபோச்சு."

டச்சை அணைத்தோம். அடுத்து சிங்க் ஸ்டாப் என்ற அமைப்பு. இடது கை கட்டையை அமுக்கியிருக்கும் வரை தாளம் ஓடும். கையை எடுத்தால் தாளமும் நின்றுவிடும். முளைப்பாரிக் கும்மிக்கு அது இல்லாமல் முடியாது. ஒவ்வொரு அடியின் முடிவிலும் பெண்கள் குனிந்து நிமிர்வார்கள். குனிகிற நேரம் அவர்கள் இஷ்டம். எந்திரத் தாளம் அவர்களுக்காகக் காத்திருக்காது. கையைத் தூக்கி அக்காதான் காக்க வைப்பார்.

இவையெல்லாம் ஒரே மாலையில் முடிந்தன. செத்த கட்டைகளுக்குத்தான் வழி தெரியவில்லை.

பாடகி சந்திரவல்லிக்கு அஞ்சரைக் கட்டை. ஆனால் அக்கா எல்லாப் பாட்டையும் ஒன்றாம் கட்டையில் வைத்து வெள்ளையிலேயே வாசித்துப் பழகியவர். பிறகு டிரான்ஸ்போஸ் என்ற பட்டனால் சத்தத்தை மட்டும் அஞ்சரைக்குத் தள்ளிவிடுவார். கை ஓரிடத்தில், சத்தம் ஓரிடத்தில். ஒன்றில் தொடங்கினால் இப்போது நாலும் ஆறும் ஊமை. இரண்டில் தொடங்கிப் பார்த்தார். ஆறு குறுக்கே வந்தது. இரண்டரையில் நாலு. மூன்றில் மறுபடி ஆறு. எங்கே தொடங்கி ஏறினாலும் இரண்டில் ஒன்று வழியில் செத்துக் கிடந்தது. உலை பொங்கி அடுப்பு அணைந்த வாசனை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

கடைசியாக ஏழாம் கட்டையில் வைத்தார். ச, ரி, க. மெதுவாக ஏறினார். ம, ப, த, நி. மேல் ச. எதுவும் குறுக்கே வரவில்லை. கறுப்பு ஐந்தும் வெள்ளையில் மூன்றும் ஏழும் மட்டும்தான் அதில் வந்தன. மறுபடி இறங்கிப் பார்த்தார். சரியாக இருந்தது.

நான் சந்தோஷப்பட்டேன். அக்கா கைகளை மடியில் போட்டுக்கொண்டார்.

"இம்புட்டு வருசமா வெள்ளையில ஓடுன கை" என்றார். "இனி முச்சூடும் கறுப்புல ஓடணும். நாளு எங்க இருக்கு?"

அதற்கு அடுத்த மாலை இன்னொன்றும் தெரிந்தது. அதே ஏழு கட்டைகளில் தொடக்கத்தை மட்டும் மாற்றினால் வேறு சாயல் பாட்டுகளும் வந்தன. சோகப் பாட்டுக்கு அஞ்சரையில் தொடங்க வேண்டும். அங்கே டிரான்ஸ்போஸே தேவையில்லை. சின்ன நி, அதாவது சற்றுத் தாழ்ந்த நி, வருகிற கும்மிக்கு நாலரையில் தொடங்கி, டிரான்ஸ்போஸை இரண்டு படி கூட்ட வேண்டும்; ஒரு படி அரைக் கட்டை. ஏழில் தொடங்குபவற்றுக்கு மூன்று குறைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு மெமரி பட்டனில் போட்டோம். பட்டனைத் தட்டினால் சுருதியும் தாளமும் அதுவாக மாறிக்கொள்ளும்.

விரல்கள் மாறவில்லை. பாதிப் பாட்டில் பழைய இடத்துக்கு ஓடி, ஊமைக் கட்டையில் போய் விழும். டொக்கென்று மரச் சத்தம் மட்டும் வரும். அக்கா திட்டமாட்டார். பாட்டை முதலிலிருந்து தொடங்குவார். வாசித்தபடியே தூங்கி விழுந்ததையும் பார்த்தேன். இடது கை கட்டையிலேயே கிடந்ததால் தாளம் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை கடையில் அரை நாள் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். நானும் கூடப் போனேன். வேனில் சந்திரவல்லியக்கா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். குழுவில் மூத்தவர், வாய் ஓயாதவர்.

"ஏண்டி கலா, ஒம் புருசன் கீபோர்ட ஏலக்காயோட வறுத்தாராமே? நெய் ஊத்துனாரா?"

"ஊத்தியிருந்தா பாயசமே வச்சிருப்பேன். ஒன்னையப் பாட வச்சிருக்க மாட்டேன்."

வேன் சிரித்தது. அக்காவும் சிரித்தார். ஆனால் மடியில் விரல்கள் ஏதோ பாட்டுக்கு அசைந்துகொண்டே இருந்தன.

ராசிங்காபுரத்தில் முளைப்பாரிகளைக் கோயில் முன்னால் நடுவில் வைத்து, பெண்கள் சுற்றி வட்டமாக நின்றார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அழகுராஜா மிக்ஸர் பக்கத்தில் நின்றார். அவர் கண் முழுக்க அக்காவின் கைமேல்தான். தேனிப் பையனிடம் போனில், "கொஞ்சம் இருப்பா, சொல்றேன்" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

முதல் பாட்டு தப்பில்லாமல் போனது. இரண்டாவதும் போனது. பெண்கள் குனியும்போது அக்கா இடது கையை எடுத்தார், நிமிரும்போது வைத்தார். தோள் மட்டும் கல்லாக இறுகியிருந்தது. மூன்றாவது முடிந்ததும் சந்திரவல்லியக்கா மைக்கை மூடிக்கொண்டு குனிந்தார்.

"தொண்ட கட்டுது, கலா. அரைக் கட்டை எறக்கு."

அக்கா டிரான்ஸ்போஸில் ஒன்றைக் குறைத்தார். ஐந்து கட்டை. அந்தச் சுருதியைத் தொட்டுக் காட்டினார். சந்திரவல்லியக்கா அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த பாட்டை எடுத்தார். அக்கா பழக்கத்தில் அந்தப் பாட்டுக்கான மெமரி பட்டனைத் தட்டினார். தட்டியவுடன், சேமித்து வைத்த பழைய சுருதி திரும்பி வந்துவிட்டது. பாட்டு ஐந்தில், பெட்டி அஞ்சரையில். ஒரு வரி முழுக்க இரண்டும் பல்லைக் கடித்துக்கொண்டு போயின. வட்டத்தில் ஒரு பெண் திரும்பிப் பார்த்தார். அழகுராஜா கையிலிருந்த போனைத் தூக்கினார்.

அக்கா இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார்.

தாளம் சட்டென்று நின்றது. பெண்கள் நிற்கவில்லை. அவர்கள் பாதி அடியில் இருந்தார்கள், கை தட்டியபடியே சுற்றினார்கள். சந்திரவல்லியக்கா நிறுத்தவில்லை. கைதட்டும் பாட்டும் மட்டும் ஒரு சுற்று முழுக்கப் போயின. அதற்குள் அக்கா சுருதியைக் குறைத்து, அடுத்த அடி தொடங்கும் இடத்தில் கையை வைத்தார். தாளம் வந்து விழுந்தது. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள்.

அதன்பிறகு அவர் மெமரி பட்டனைத் தொட்ட ஒவ்வொரு முறையும் டிரான்ஸ்போஸையும் ஒரு தட்டு தட்டினார். மறக்கவில்லை. முளைப்பாரி தூக்குகிற கடைசிப் பாட்டில் சின்ன நி, பெரிய நி இரண்டுமே வரும். எங்கே தொடங்கினாலும் அந்த இரண்டில் ஒன்று ஊமைக் கட்டையில்தான் போய் விழும். அந்த இடம் வரும்போதெல்லாம் விரலைத் தூக்கிக்கொண்டார். சந்திரவல்லியக்காவின் குரல் அதைக் கடந்து போனது. கேட்டவர்களுக்கு ஒன்றும் குறைந்திருக்காது. வாசித்தவருக்குக் குறைந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டே முடித்தார்.

திரும்பும் வேனில் அழகுராஜா முன் சீட்டிலிருந்து உடம்பைத் திருப்பி உட்கார்ந்துகொண்டார்.

"நடுவுல தாளத்த நிப்பாட்டி, வெறும் கைத்தட்டோட விட்டீங்க பாருங்க, அது சூப்பர்க்கா! கமிட்டித் தலைவரே கேட்டாரு, யாரு யோசனைன்னு. இனி எல்லா மொளப்பாரிக்கும் அப்பிடியே வச்சுருங்க."

"சரி" என்றார் அக்கா.

"தேனிப் பையன வேணாம்னுட்டேன்."

அக்கா தலையசைத்தார். ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடினார். முகத்திலிருந்த இறுக்கம் இறங்கியது.

"காமராசு கிட்டயும் சொல்லிட்டேன், அந்த ரப்பரு ஆர்டர் வேணாம்னு. பெட்டிதான் நல்லா ஓடுதே. ஓடுற வண்டிய எதுக்குப் பிரிச்சுக்கிட்டு?"

அக்கா கண்ணைத் திறந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். பெட்டியின் குறை கேட்கிற யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான் ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்திருந்தார். யாருக்கும் தெரியவில்லை. இப்போது என்ன சொல்வது? சந்திரவல்லியக்கா மட்டும் அவர் தொடையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை சீனிச்சாமி அண்ணன் வந்தார். கச்சேரி நன்றாக நடந்ததைச் சந்தையிலேயே கேள்விப்பட்டிருந்தார். "காமராசு என்னமோ நான் அவிச்சுட்டதாச் சொன்னானாம்ல. அவனுக்கு என்ன தெரியும்? நல்லாத்தான வாசிச்சிருக்க" என்றார். அக்கா அவருக்குக் குழம்பு ஊற்றினார். நான் அக்காவைப் பார்த்தேன். "ஆமாங்க" என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் மலையேறிய பிறகு அழகுராஜாவிடமிருந்து போன் வந்தது. பொட்டிபுரத்தில் அடுத்த கச்சேரி. கமிட்டி புதிதாக ஒரு பாட்டு கேட்கிறதாம், ரெக்கார்டு அனுப்பியிருக்கிறாராம். அக்கா கேட்டுப் பார்த்தார். பெட்டியை ஆன் செய்து, ஏழில் வைத்துத் தேடினார். நாலரையில் தேடினார். அஞ்சரையில் தேடினார். இரண்டு க, இரண்டு நி, வளைந்து வளைந்து இறங்குகிற பாட்டு. டொக், டொக் என்று கட்டைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் போனில் கையேட்டைத் திறந்தேன்.

"வேணாம், வித்யா" என்றார். அழகுராஜாவைக் கூப்பிட்டார்.

"அழகு, இந்தப் பாட்டு வராது."

"ஏன்க்கா, எல்லாந்தான் வந்துச்சே?"

"இது வராது. ரப்பர் மாத்துனா வரும்."

"சரிக்கா, பாப்போம். இப்போதைக்கு வேற பாட்டு வச்சுக்கலாம்" என்று குரல் வந்தது.

அக்கா போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, அங்கேயே தரையில் கையை மடித்துப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் கடை இருந்தது. நான் பெட்டியை அணைத்து, வயரைச் சுருட்டி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.